மூன்றாம் மேசையின் மூடாத பக்கம்

கிமிலிலி மார்க்கெட்டில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மபோங்காவின் சைபர், அதாவது இன்டர்நெட் கடை, என்று சொன்னால் எந்த மோட்டார் பைக்காரனும் கொண்டுவந்து இறக்கிவிடுவான். ஒரே அறைதான். வாசல் பக்கத்துப் பாதி என்னுடையது: தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, பள்ளிச் சீருடைகள் தொங்கும் கம்பி. உள்பக்கத்துப் பாதி மபோங்காவினுடையது: நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அப்புறம் ஊரிலுள்ள தூசி முழுவதும். மபோங்கா என் தங்கை லுசிகேயின் கணவன். அவன் என்னை ஷெமெஜி என்பான், நானும் அவனை ஷெமெஜி என்பேன். மைத்துனன், மைத்துனி எல்லாருக்கும் எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்தான்.

அவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவனுடைய முதுகு. யாராவது கடவுச்சொல் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், எழுந்து திரும்பி நின்று என் சீருடைகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். மற்ற சைபர்களில் கடைக்காரனே அடித்துக் கொடுப்பான். ஊரில் பாதிப் பேருடைய கடவுச்சொல் அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். மபோங்காவை வெட்டிப் போட்டாலும் அது நடக்காது. நிலத்துக்கு வரி கட்ட வரும் கிழவர்களுக்கு எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இவன் முதுகைக் காட்டிக்கொண்டே வழி சொல்வான்.

"மேல் வரிசையில பாருங்க பெரியவரே, இடது கைப் பக்கம்."

"நீயே வந்து அடிச்சிடேன் தம்பி. என்கிட்ட என்ன ரகசியம் இருக்கு, ரெண்டு மாட்டைத் தவிர?"

"அந்த ரெண்டு மாடு எனக்கு எதுக்குத் தெரியணும்? நிதானமா அடிங்க. நான் திரும்பித்தான் நிக்கிறேன்."

கிழவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து முடிப்பதற்குள் நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துவிடுவேன். வெளியே நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மபோங்காவுக்கு அது காதில் விழாது. இப்படி ஒரு மனிதன் எப்படிக் கடை நடத்துகிறான் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் என் கடவுச்சொல்லையும் அவன் கடையில்தான் அடிப்பேன், வேறெங்கும் போகமாட்டேன்.

அவனுடைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்கோ வெளிநாட்டு அலுவலகங்களில் உழைத்துக் களைத்து, கப்பலேறி மொம்பாசாவில் இறங்கி, லாரியில் இங்கே வந்தவை. நினைவகம் குறைவு. நாலு பக்கம் சேர்ந்தாற்போல் திறந்தாலே இரைக்க ஆரம்பிக்கும். அதனால் உள்ளே எது ஓடுகிறது என்று பார்த்து நிறுத்துவதே அவனுக்குப் பாதி வேலை. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் பிரவுசருக்குள் ஒரு சின்னப் பட்டியல் வரும். எந்தப் பக்கம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் எது ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். வேண்டாததைத் தொட்டு, கீழே இருக்கும் பொத்தானை அமுக்கினால் அதன் கதை முடிந்தது.

"இப்ப வந்தவன் மூடிட்டுத்தானே போனான்? நான் பார்த்தேனே. இன்னும் அங்க என்ன தேடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூடிட்டா போயிட்டதா அர்த்தம் இல்ல ஷெமெஜி. விருந்தாளி மாதிரி. கிளம்புறேன்னு எந்திரிப்பாங்க, கேட் வரைக்கும் வருவாங்க, அப்புறம் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு மணி நேரம் பேசுவாங்க. ரோடு வரைக்கும் கூடப் போய் வழியனுப்பினாத்தான் போனதாக் கணக்கு."

"எங்கம்மாவைச் சொல்றியா?"

"அவங்களைப் பத்திப் பேச எனக்கு ஏது வாய்?" என்றான், மாமியார் பெயரை மருமகன் எடுக்கக் கூடாது என்ற வழக்கத்தின் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டு. எங்கம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள்தான். லுசிகே இதைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். அப்போது அவள் இருந்தாள்.

எங்கள் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. வாசலைத் தாண்டும்போது "வரேன்" என்பார்கள். டீ குடிக்கப் போகிறவனும் அதைத்தான் சொல்வான், உகாண்டா பக்கம் மாடு வாங்கப் போகிறவனும் அதைத்தான் சொல்வான். கேட்கிறவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மபோங்கா ஒருவன்தான் அதை நம்புகிறவன். வரேன் என்று சொன்னவனின் பக்கத்தைக் கடை பூட்டும்வரை மூடமாட்டான். பூட்டும்போதுதான் ஒவ்வொன்றாக மூடி, பட்டியலைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் வழியனுப்பிவிட்டு வருவான்.

மூன்றாம் மேசையில் மட்டும் அப்படிச் செய்வதில்லை. அதற்குக் காரணம் என் தங்கை.

லுசிகேவுக்குக் கோழிப் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் அவள் வளர்த்த கோழிகளுக்குப் பெயர் வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு ஒன்றை அறுத்தால் அன்றைக்கு முழுவதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கிட்டாலேயில் கோழி வளர்ப்புக்கு ஒரு பயிற்சி நடத்துகிறார்கள், விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மத்தியானம் மூன்றாம் மேசையில் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினாள். ஏன் இந்தப் பயிற்சியில் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதற்கு அவள் எழுதியது நீண்டுகொண்டே போனது.

"என்ன எழுதுற அப்படி?" என்று கேட்டேன்.

"உன்னைப் பத்தித்தான். என் அக்கா என்னை விட நல்லா கத்துவா, ஆனா முட்டை போடமாட்டா, அதனால கோழி வளர்க்கணும்னு."

மபோங்கா திரும்பி நின்றுதான் சிரித்தான். பெண்டாட்டி எழுதினாலும் அவனுக்கு அதே சட்டம். பிறகு அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "தலை வலிக்குது, கொஞ்சம் படுத்துட்டு வரேன். மூடிடாதீங்க" என்றாள். அவன் சரி என்றான். அன்று சாயங்காலம் அவளுக்கு நினைவு தப்பியது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த வாரம் முடியுமுன் அவளைப் புதைத்துவிட்டோம்.

புதைத்த பிறகு தலை மழிக்கும் நாளில் எல்லாரும் முற்றத்தில் உட்காருவோம். போனவளிடம் யாருடைய பொருள் இருக்கிறது, யாரிடம் அவளுடைய பொருள் இருக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்பார்கள். எதுவும் தொங்கலில் நிற்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கூடையைக் கொண்டுவந்தாள். நான் லுசிகேயிடம் வாங்கி வைத்திருந்த பெரிய சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். மபோங்கா பக்கம் திரும்பிக் கேட்டபோது, ஒன்றும் இல்லை என்று தலையாட்டினான். எனக்குத் தெரியும், இருந்தது. மூன்றாம் மேசையில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது.

ஒரு வருஷம் ஆகியும் இருந்தது. அந்த மேசையில் இருப்பது மடிக்கணினி, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். தாங்காமல் அணைந்தாலும், மறுபடி போடும்போது விட்ட பக்கங்களையெல்லாம் தானாகத் திறக்கும்படி அவன் வைத்திருந்தான். மேலே வரிசையாக இருக்கும் பெயர்களில் முதலாவதாக "பயிற்சி விண்ணப்பம்" என்று இருக்கும். அதை அவன் தொட்டுத் திறந்து பார்த்ததே இல்லை. அவள் எழுதியது, அவளைக் கேட்காமல் நான் எப்படிப் படிப்பது என்பான். அவள் கடைசியாக எழுதியது அதற்குள் இருக்கிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. தவறிப்போய் அது மூடிவிட்டால் திரும்ப வராது. அந்தப் பயத்தில் மூன்றாம் மேசையில் எதையும் மூடமாட்டான், பட்டியலையும் திறக்கமாட்டான். அந்தப் பட்டியலில் அவள் பக்கம் ஒரு வரியாக நிற்கும், கீழே முடிக்கிற பொத்தான் இருக்கும், அதைப் பார்க்க எனக்கு மனசில்லை என்று ஒருமுறை சொன்னான்.

ஊர்ப் பயல்களுக்கு இது தெரியாமல் போகுமா? மூன்றாம் மேசையில் திறந்தால் யாரும் மூடமாட்டார்கள் என்று கண்டுகொண்டார்கள். அதிலும் வாகோலி என்று ஒருவன். கால்பந்துப் பந்தயம் கட்டுகிறவன். இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரனுக்கு முழங்கால் வலி என்று தெரியும், தன் அம்மாவுக்கு என்ன வலி என்று தெரியாது. ஏழெட்டுப் பந்தயப் பக்கங்களைத் திறந்து போட்டுவிட்டு "வரேன்" என்று போய்விடுவான். கணினி ஆமையாக நகர்ந்தது. அதற்குள்ளிருக்கும் மின்விசிறி நாள் முழுவதும் கத்தியது. வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

நான் விடவில்லை. "அந்தப் பக்கத்தை மூடு ஷெமெஜி. செத்தவ பக்கம் உயிரோட இருக்கிறவங்க கம்ப்யூட்டரைத் தின்னுக்கிட்டு இருக்கு" என்று தினமும் சொல்வேன். கேட்டவர்களெல்லாம் அதையே சொன்னார்கள். அவள் பாரம் அதில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கிழவி பயமுறுத்தியே விட்டாள். மபோங்கா அடுத்த மேசைக்கு வேலை பார்க்கப் போய்விடுவான். எனக்குக் கோபம். நான் தலையை மழித்துக்கொண்டேன், சட்டியைக் கொடுத்தேன், அழவேண்டியதை அழுது முடித்தேன். இவனுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கோபம்.

மெர்சிலின் வந்தது ஒரு வியாழக்கிழமைக் காலையில். மேட்டுத் தெருவில் மக்காச்சோளம் அரைக்கிறவரின் மகள். மொம்பாசாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். முகம் பார்த்துப் பேசும் நேர்காணல், கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும். போன தடவை இப்படி ஒன்று வந்தபோது அப்பாவின் கைபேசியில் பேசி, பாதியில் படம் நின்று, அதோடு அந்த வேலை போனது. கேமரா இருப்பது மூன்றாம் மேசையில் மட்டும். நான் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

முதலில் ஒத்திகை பார்க்கலாம் என்று மபோங்கா தன் கைபேசியிலிருந்து அவளைக் கூப்பிட்டான். படம் வந்தது. "குட் மார்னிங்" என்றாள். வாய் திறந்தபடி அப்படியே நின்றது படம். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் விட்டுவிட்டு வந்தது. மறுபடி முயன்றார்கள், மறுபடியும் நின்றது.

வாசலில் நின்றுகொண்டிருந்த வாகோலி எட்டிப் பார்த்தான். "அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிடுங்க அங்கிள். வாய் நல்லா திறந்திருக்கு, வரவேற்புக்குச் சரியா இருக்கும்."

மெர்சிலின் சிரிக்கவில்லை. "அங்கிள், இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு" என்றாள். சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டியதை ஒரு வருஷமாகச் சொல்லியாகிவிட்டது, இப்போது சொன்னால் அது அடிப்பது போலாகும்.

மபோங்கா மூன்றாம் மேசை முன்னால் உட்கார்ந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "மெர்சிலின், கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். எதற்கென்று எனக்குப் புரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பொத்தானை அமுக்கினான்.

பட்டியல் வந்தது. நீளமான பட்டியல். வாகோலியின் பந்தயங்கள் முதல் இடத்தில் நின்றன. அவற்றுக்குக் கீழே, எவனோ பாட்டு இறக்குவதற்காக ஒட்டவைத்துவிட்டுப் போன ஏதோ ஒன்று, பக்கமே இல்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் விளம்பரங்கள், யாருடையதோ திருமணப் படங்கள். மபோங்கா விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே ஒவ்வொரு வரியாக இறங்கினான். கடைசிவரை போனான். மறுபடி மேலேயிருந்து வந்தான்.

"அவ இல்ல" என்றான்.

"என்ன இல்ல?"

"லுசிகே பக்கம் இதுல இல்ல ஷெமெஜி."

மேலே பார்த்தேன். "பயிற்சி விண்ணப்பம்" என்று பெயர் அங்கேயே இருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன்.

"பேர் இருக்கும்" என்றான். "இடம் பத்தலைன்னா, யாரும் பார்க்காத பக்கத்தை பிரவுசரே உள்ள காலி பண்ணிடும். மேல பேரை மட்டும் விட்டு வைக்கும். மறுபடி தொட்டாத்தான் போய் எடுத்துட்டு வரும்."

"இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். திரையிலிருந்து விரலை எடுத்து, "மத்தவங்க பக்கம்னா தெரியும்" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. ஒரு வருஷமாக அவள் தின்கிறாள் தின்கிறாள் என்று கத்தினேனே, அவள் ஒரு துளி இடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், சப்பாத்தி சுட்டால் ஓரம் கருகியதைத்தான் தனக்கு எடுத்துக்கொள்வாள். தின்றதெல்லாம் உயிரோடு இருக்கிற கூட்டம். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

மபோங்காவின் கை அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. வாகோலியின் பக்கங்களைத் தொட்டான், பொத்தானை அமுக்கினான். ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பாட்டு இறக்குகிறதை வேரோடு பிடுங்கி எறிந்தான். பிரவுசரை மூடினாலும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று கொடுத்திருந்த அனுமதியை செட்டிங்ஸுக்குள் போய் நிறுத்தினான். மின்விசிறியின் சத்தம் மெல்ல இறங்கி அடங்கியது. அந்த மேசை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

"ஏய், என் மேட்ச் எல்லாம் எங்க?" வாகோலி உள்ளே வந்துவிட்டான். "வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"வந்துட்டியே" என்றேன். "இப்ப மறுபடி போ."

மெர்சிலின் உட்கார்ந்தாள். மபோங்கா வாகோலியைத் தோளில் கைபோட்டு ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, திரும்பி நின்று என் சீருடைகளைப் பார்க்க ஆரம்பித்தான். நான் மெஷினை ஓட்டாமல் கையால் பொத்தான் தைத்தேன். நேர்காணல் நடந்தது. யாரோ ஒரு பெண்மணி கேட்டாள், மெர்சிலின் பதில் சொன்னாள். நடுவில் அந்தப் பெண்மணி சிரிப்பதுகூடக் கேட்டது. முடிந்ததும் மெர்சிலின் எழுந்து வந்து, "ஒரு தடவைகூட நிக்கல அங்கிள். எப்ப வந்து சேர முடியும்னு கேட்டாங்க" என்றாள். அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் சொல்ல ஓடும்போது, வாசலில் திரும்பி "வரேன்" என்றாள்.

கடையில் நாங்கள் இருவர்தான். மூன்றாம் மேசையின் திரையில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. அவன் போய் அதன் முன்னால் உட்கார்ந்தான்.

"தொட்டா என்ன வரும்?" என்று கேட்டேன்.

"புதுசா எடுத்துட்டு வரும். அவ எழுதினது இருக்காது."

"அப்ப தொடாதே. இருந்துட்டுப் போகட்டும். அவ ஒண்ணும் எடுத்துக்கலையே." சொன்னது நான்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் கையைக் கால்சட்டையில் மறுபடி துடைத்துக்கொண்டான். பிறகு தொட்டான். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. விண்ணப்பம் வந்தது, எல்லாக் கட்டமும் வெள்ளையாக. பெயர் என்ற முதல் கட்டத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டு, யாராவது அடிப்பார்கள் என்று காத்திருந்தது.

மபோங்கா எழுந்தான். திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க மூடிடுங்க ஷெமெஜி" என்றான்.

ஒரு வருஷமாக மூடு மூடு என்று அரற்றியவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், மவுஸைப் பிடித்தேன், மூலையிலிருந்த சின்னப் பெருக்கல் குறிவரை கொண்டுபோனேன். கை அதற்கு மேல் போகவில்லை. கோடு மின்னிக்கொண்டே இருந்தது.

"மூடிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாளே" என்றேன். அழுதேன், மறைக்கவில்லை.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றான் மபோங்கா, தொங்கும் சீருடைகளைப் பார்த்தபடியே. "நிதானமா செய்ங்க. நான் திரும்பித்தான் நிக்கிறேன்."

அழுது முடித்த பிறகு மூடினேன். முடிந்தது என்று அவனிடம் சொன்னேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.